தாய் காட்டிய எல்லை

தமிழாசிரியப் பணியினின்று ஓய்வுபெற்ற நாங்கள் இருவரும், இங்கிலாந்தில் வாழும் எங்கள் மகனைக் காணச் சென்றிருந்தோம். கோடை விடுமுறையில் அவன் குடும்பத்தாருடன் லேக் டிஸ்ட்ரிக்ட் எனப்படும் ஏரி மாவட்டத்தில், பாரோடேல் பள்ளத்தாக்கில் கூடாரமடித்துத் தங்கினோம். ஏனையோர் புகழ்பெற்ற சிகரங்களை நாடிச் செல்ல, நாங்கள் ஆளரவம் குறைந்த ஹை டோவ் குன்றினைத் தேர்ந்தெடுத்தோம். அதன் உயரம் 515 மீட்டரே.

ரோஸ்த்வெயிட் சிற்றூரிலிருந்து மேடேறி வாட்டன்லத்தை அடைந்தோம். ஒரு சிற்றேரி, ஒரு பழைய கற்பாலம், சில பண்ணை வீடுகள், அவ்வளவே அவ்வூர். அதற்கப்பால் மரங்களற்ற புல்வெளி மேடு. பாசியும் புல்லும் முற்றிலும் மக்காமல் நெடுங்காலமாகப் படிந்த கருஞ்சேறு, அடிதோறும் காலைப் பற்றியது. உச்சியில் நின்றபோது கிழக்கே 950 மீட்டர் உயர்ந்த ஹெல்வெலின் தெரிந்தது. காற்றின் ஓசையும் ஆடுகளின் குரலுமன்றி வேறு ஒலியில்லை.

அவை ஹெர்ட்விக் இன ஆடுகள். தாய் சாம்பல் நிறம், குட்டியோ கறுப்பு. வேலியில்லாப் பரந்த மேய்ச்சல் நிலத்திலும் ஒவ்வொரு மந்தையும் தனக்குரிய பகுதியை விட்டகலுவதில்லை. தாயின் பின்னே திரியும் குட்டி அவ்வெல்லையைக் கற்றுக்கொள்கிறது. பின்னர்த் தன் குட்டிக்குக் காட்டுகிறது. இதனை ‘ஹெஃப்டிங்’ என்பர். 2001ஆம் ஆண்டுக் கோமாரி நோயின்போது பிரிட்டனில் 60 இலட்சத்திற்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. மந்தை அழிந்த குன்றுகளில் அவ்வறிவும் அழிந்தது. புதிய ஆடுகளை விலைக்கு வாங்கலாம்; எல்லையறிந்த தாயை எங்கே வாங்குவது?

இவற்றையெல்லாம் மகன் எங்களுக்குத் தமிழிலும், தன் பிள்ளைக்கு ஆங்கிலத்திலும் சொன்னான். ஒரே செய்தியை இருமுறை சொல்ல வேண்டியிருந்தது. பேரனுக்குத் தமிழ் தெரியவில்லையே என்று அவன்மேல் குறைபடத் தொடங்கிய எங்கள் நெஞ்சம், அக்கறுப்புக் குட்டியைக் கண்டு நாணியது. பிறர் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கணக்கில் தமிழ் கற்பித்த நாங்கள், வீட்டில் என்ன செய்தோம்? மகன் தமிழில் பேசினால் பிழை திருத்தினோம். ஆங்கிலத்தில் பேசினால் அண்டை வீட்டாரிடம் சொல்லி மகிழ்ந்தோம். அவன் எங்கள் பின்னேதான் நடந்தான். நாங்கள் காட்டிய எல்லை அது.

அன்றிரவு கூடாரத்தில், கறுப்பு ஆட்டுக்குட்டியின் கதையொன்றைப் பேரனுக்குத் தமிழில் சொன்னோம். பாதி புரிந்தது, மீதியைக் கைகள் விளக்கின. “குட்டி” என்ற சொல்லை அவன் “குத்தி” என்றான். நாங்கள் திருத்தவில்லை. கதையும் முடியவில்லை, ஞாயிறுதோறும் தொலைபேசியில் தொடர்கிறது.