கொடிமலையில் இரண்டு நாள்

மலைமீது ஏறுவதற்கு ஒரு காரணம் இருக்கவேண்டுமென்பது நம்மவரின் நெடுநாளைய எண்ணம். சாமி கும்பிடப் போகிறவன் ஏறலாம். விறகு வெட்டப் போகிறவன் ஏறலாம். துரை ஏறச் சொன்னால் கேள்வியின்றி ஏறலாம். இவற்றுள் ஒன்றுமின்றி, ஏறுவதற்காகவே ஒருவன் ஏறுகிறான் என்றால் அவன் புத்தியைக் குறித்து அக்கம்பக்கத்தார் சற்று ஐயுறுவர். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், தண்ணீர்மலை அடிவாரத்திலிருந்து கொடிமலையுச்சிக்கு நடந்தே சென்று, ஓரிரவு அங்குத் தங்கி, மறுநாள் நடந்தே இறங்குவதென்று நாம் தீர்மானித்தபோது, நமது இல்லத்தார் கேட்ட முதற் கேள்வி, "ஏன், ரயில் ஓடவில்லையா?" என்பதே.

ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நம்மை நடக்கத் தூண்டியவர் ஜப்பானுக்குச் சென்று மீண்ட அன்பர் ஒருவர். அந்நாட்டில் 3,776 மீட்டர் உயரமுள்ள பூஜி மலைக்குக் கோடைக்காலத்தில் கிழவர்களும் பெண்களும் சிறுவர்களும் கோலூன்றி நடந்தேறுகிறார்கள் என்றும், வழியிலுள்ள குடில்களில் சில மணி நேரம் கண்ணயர்ந்து, நள்ளிரவில் எழுந்து மீண்டும் நடந்து, உச்சியில் நின்று சூரியோதயத்தைக் காண்கிறார்கள் என்றும் அவர் வருணித்தார். கேட்ட நமக்கு வெட்கமாயிருந்தது. நம் வீட்டுப் பின்கட்டிலிருந்து பார்த்தாலே தெரிகிற மலைக்கூட்டத்தின் மிக உயர்ந்த முடி 833 மீட்டர். நாற்பதாண்டுகளாக அதன் நிழலில் குடியிருந்தும் ஒருமுறையேனும் காலால் அளந்தோமில்லை.

துணைக்கு அழைத்தது கெடா மாநிலத்துத் தோட்டப் பள்ளியில் நம்மோடு படித்த அண்ணன் ஒருவரை. நமக்கு நான்கு வயது மூத்தவர், அப்போது எழுபத்தொன்று. பதினான்காம் வயதில் உளி பிடித்தவர், தோட்டம் விற்கப்பட்டு வீட்டுமனைகளாகும் வரையில் பால் மரம் வெட்டியவர். சுங்கைப்பட்டாணியிலுள்ள வீட்டையும் விட்டு, ஜொகூரிலிருக்கும் மகளிடம் நிரந்தரமாகப் போய்ச் சேரவிருந்தார். இனி எப்போது சந்திப்போமோ என்ற எண்ணமும் நம் அழைப்பில் கலந்திருந்தது. பூஜி மலையின் பெருமையைத் தொலைபேசியில் நாம் சொல்லி முடித்ததும் அவர் சொன்னது இதுதான்: "ஜப்பான்காரன் காசு கொடுத்து மலை ஏறுகிறானா, தம்பி? எங்கள் அப்பாவை அவன் சும்மாவே ஏற்றினான்."

அவர் தந்தையார் சயாமுக்குப் போய் வந்தவர் என்ற அளவில் நாம் அறிவோம். அதற்குமேல் கேட்டதில்லை. எதற்காக வரச் சம்மதித்தார் என்று பிறகு வினவியபோது, "நீ கூப்பிட்டாய், வந்தேன்" என்றார்.

விடியுமுன்னே தண்ணீர்மலையில் கூடினோம். நாம் விலையுயர்ந்த மலையேற்றக் காலணி அணிந்து, மடக்குக்கோல் ஏந்தி, முதுகில் ஒரு பெரும்பையைச் சுமந்து நின்றோம். அண்ணன் தோட்டத்து ரப்பர்ச் சப்பாத்தும், ஒரு குடையும், துணி ஒரு மாற்று வைத்த பிளாஸ்டிக் பையுமாக வந்திறங்கினார். நமது கோலத்தைத் தலைமுதல் கால்வரை நோக்கினார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

தண்ணீர்மலை என்றதும் நம்மவர்க்குத் தைப்பூசமே நினைவுக்கு வரும். 1894ஆம் ஆண்டிலிருந்து நகரத்தார் வெள்ளி இரதம் வருவதும், 2012இல் திறக்கப்பட்ட புதிய மலைக்கோயிலின் 513 படிகளும் யாவரும் அறிந்தவை. ஆயினும் அவ்விடத்துக்குப் பெயர் தந்தது நீர்வீழ்ச்சி. பாய்மரக் காலத்தில் துறைமுகத்துக் கப்பல்கள் குடிநீர் நிரப்பிக்கொண்டதும், 1892இல் நீர்த்தேக்கம் கட்டி நகருக்குக் குழாய் வைத்ததும் அந்நீரைக் கொண்டே. பக்கத்தில், பழைய கற்சுரங்கம் இருந்த பள்ளத்தை 1884 முதல் திருத்தி, சார்லஸ் கர்ட்டிஸ் என்பார் தாவரத் தோட்டமாக்கினார். அத்தோட்டத்து வாயிலருகேதான் கொடிமலைக்கு ஏறும் ஜீப்புச் சாலை தொடங்குகிறது. நீளம் ஐந்து கிலோமீட்டரை ஒட்டியே. ஆனால் அதன் செங்குத்து, தட்டையான நகரத் தெருக்களில் நடந்து பழகிய முழங்காலுக்கு முதல் வளைவிலேயே புத்தி புகட்டிவிடும்.

இரண்டாம் வளைவில் அண்ணன் ஏதோ முணுமுணுப்பது காதில் விழுந்தது. செவி சாய்த்தோம். எண்கள். நூறு வந்ததும் மீண்டும் ஒன்று. உடல்நலத்துக்காக அடிகளை எண்ணுகிறார் போலும் என்று நினைத்து, அவர் நவீன நாகரிகத்தை நாம் மனத்துள் மெச்சிக்கொண்டோம்.

மூச்சு வாங்கும் நேரத்தில் பேச்சு வளர்ப்பது நமது கெட்ட பழக்கம். ரயில் ஏற்படுமுன் வெள்ளைக்கார அதிகாரிகளும் அவர்தம் மனைவிமாரும் இம்மலையில் குதிரைமீதேனும், ஆட்கள் தோளில் சுமந்த நாற்காலியிலேனும் ஏறிய வரலாற்றை அண்ணனுக்கு எடுத்துரைத்தோம். மேலே காற்று வாங்கி உடல் தேற்றிக்கொள்வதற்கு அவர்கள் போனார்கள். தூக்கிப் போனவனுடைய உடல் எங்கே தேறியதென்று எந்தக் குறிப்பும் பேசவில்லை. அத்தூக்கிகளுள் நம்மவரும் இருந்தனர். மலையுச்சியிலுள்ள முருகன் கோயில், அவர்களும் காவற் சிப்பாய்களும் கும்பிட வைத்த சிறு மாடத்திலிருந்து வளர்ந்ததென்பர். "ஆகவே அண்ணே, சுமையின்றி, ஏவுவாருமின்றி இம்மலையில் நடக்கும் உரிமையை நாம் அனுபவித்தே தீரவேண்டும்" என்று பிரசங்கத்தை முடித்தோம். நமது பெரும்பையின் வார் தோளை அறுத்துக்கொண்டிருந்தது. அண்ணன் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எண்ணுவதைத் தொடர்ந்தார்.

எண்பத்து நான்காம் நிலையம் என்று வழங்கும் இளைப்பாறுமிடத்தில் சீனப் பெரியவர் ஒருவர் காப்பி ஊற்றிக் கொடுத்தார். இத்தகைய சிறு கொட்டகைகளை மலையில் தினமும் நடக்கும் தொண்டர்களே நடத்துகிறார்கள். விலை கேட்டோம், உண்டியலைக் காட்டினார், போட்டாலும் போடாவிட்டாலும் அவருக்கு ஒன்றே. இந்த ஒழுங்கை நம்மவரும் கற்றுக்கொள்ளலாகாதா என்று ஏக்கம் பிறந்தது. தைப்பூசத்தன்று எத்தனையோ தண்ணீர்ப்பந்தல் வைக்கிறோம். மற்றை நாள்களில் தாகம் எடுப்பதில்லையோ?

அதற்கு மேலே ஒரு திருப்பத்தில் மூங்கிற் புதர் ஒன்று சாலைமீது கவிந்து நின்றது. நிழல் நன்றாயிருக்கிறதே என்று நாம் உட்காரப் போனோம். அண்ணன் உட்காரவில்லை. வெயிலில் பத்தடி தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

நண்பகலுக்குச் சற்று முன்னே உச்சியை அடைந்தோம். ரயிலில் வந்த கூட்டம் மொய்த்திருந்தது. 1923இல் ஓடத்தொடங்கி, மறு ஆண்டு முதல் நாளன்று முறையாகத் திறக்கப்பெற்ற இம்மலை ரயிலில், முன்பெல்லாம் நடுவில் ஒரு நிலையத்தில் வண்டி மாறவேண்டும். அரைமணி நேரம் ஆகும். 2011இல் வந்த புதிய வண்டி சில நிமிடங்களில் கொண்டுவந்து கொட்டிவிடுகிறது. அண்ணன் கோயிலுக்குள் போனார். நாம் வெளியே, அடுத்துள்ள பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் பொதுவான குளிர்காற்றில் அமர்ந்திருந்தோம். திரும்பி வந்தவர் நெற்றியில் திருநீறு இருந்தது, நமக்கு நீட்டவில்லை. ஐம்பதாண்டுப் பழக்கத்தில் அவ்வளவு அறிந்து வைத்திருக்கிறார்.

அன்றிரவு, விடுதித் தாழ்வாரத்தில் கம்பளி போர்த்தி அமர்ந்தோம். மூடுபனி விலகியபோது கீழே ஜார்ஜ் டவுன் விளக்குகளும், 1985இல் கட்டிய பாலமும், 2014இல் திறந்த இரண்டாம் பாலமும் கடல்மீது இரண்டு கோடுகளாகத் தெரிந்தன. அப்பால் இருட்டாயிருந்த பக்கம் கெடா. அவ்விருட்டைப் பார்த்துக்கொண்டே அண்ணன் பேசினார்.

1943ஆம் ஆண்டில் தோட்டத்துக்கு ஆள் சேர்க்க வந்தார்களாம். மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு உண்டு என்றார்களாம். அவர் தந்தையாரின் லயத்திலிருந்து மட்டும் ஒன்பது பேர் ரயிலேற்றப்பட்டனர். பான்போங்கில் இறக்கினார்கள், அதன்பின் நடை. பான்போங்குக்கும் பர்மாவிலுள்ள தன்பியூசாயாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் மலையும் காடும் ஊடுருவிப் போடப்பட்ட அந்த இருப்புப்பாதையைப் பற்றி இப்போது நூல்கள் பல உண்டு. அதில் மாண்ட வெள்ளைக்காரக் கைதிகளின் கல்லறைகளில் பெயர்கள் உண்டு. மாண்ட தமிழர் ஆயிரக்கணக்கினர்க்கு அதுவும் இல்லை. மழையில் மலையேறும்போது விழுந்தவன் எழுவதில்லை என்று கண்ட தந்தையார், நூறு அடி எண்ணும்வரை விழுவதில்லை என்று தமக்குத்தாமே ஒரு கட்டளை வைத்துக்கொண்டாராம். நூறானதும் மறுபடி ஒன்று. முகாமில் படுக்கை பிளந்த மூங்கில். பக்கத்தில் படுத்தவன் வாந்திபேதியில் இறந்தால் மூங்கில் அசைவது நின்றுபோகும். அதைக்கொண்டே இருட்டிலும் தெரிந்துகொள்வாராம். ஒன்பது பேரில் இருவர் திரும்பினர்.

"நான் பிறந்த பிறகும் அவர் எண்ணுவதை விடவில்லை. என்னைத் தோளில் வைத்துக்கொண்டு பெரட்டுக்குப் போவார். காதில் எண் விழுந்துகொண்டேயிருக்கும். பள்ளிக்கூடம் போகுமுன்னே நூறுவரை நான் படித்தது அப்படித்தான். லயத்துப் பின்னால் மூங்கில் ஒன்று இருந்தது. ஒரு ராத்திரியில் தனியாளாக வெட்டிப் போட்டார். துரை இரண்டு நாள் கூலியைப் பிடித்தான்."

நமக்கு ஒரு சொல்லும் எழவில்லை. காலையில் நாம் செய்த பிரசங்கம் நினைவுக்கு வந்து நாவைக் கட்டிற்று.

மறுநாள் சூரியன் தலைநிலத்து மலைகளின்மேல் சிவந்து எழுந்தது. அண்ணன் அதைப் பார்த்து, "பால் வெட்டுக்கு நேரமாச்சு" என்றார். பூஜி மலையிலும் இதைவிடப் பொருத்தமாக ஒருவன் சொல்லியிருக்கமாட்டான்.

இறங்கும்போது நேர்ந்த அவலத்துக்கு நாமே முழுப்பொறுப்பு. எண்பத்து நான்கிலிருந்து சந்திர வாயிலுக்கு இறங்கும் காட்டுப்பாதை நன்கு நடந்து பழகிய பாதை. நாம் கைப்பேசியிலிருந்த படத்தைப் பார்த்து, இடப்புறம் பிரிந்த ஒரு சுவடு இன்னும் குறுக்கே போகுமென்று அடம்பிடித்தோம். "இதில் ஆள் நடமாட்டம் தெரியவில்லையே, தம்பி" என்று அண்ணன் ஒருமுறை சொன்னார். படத்தில் தெரிகிறது என்றோம். அரைமணிக்குள் சுவடு மறைந்தது, வானம் கறுத்தது, கைப்பேசி அலை இழந்தது. பிறகு பிடித்த மழை மலேயா மழை. 2017 நவம்பரில் ஒரே பெருமழையில் இம்மலையின் சரிவுகள் இடிந்து ரயிலும் சாலையும் நின்றுபோன செய்தி அப்போதுதானா நம் மனத்தில் தோன்றவேண்டும்? கால்கீழ் மண் குழம்பாயிற்று. விலையுயர்ந்த காலணி வழுக்கியது, விழுந்தோம், கணுக்கால் மடங்கியது. ரப்பர்ச் சப்பாத்து வழுக்கவில்லை.

அண்ணன் குடையை நமக்குப் பிடித்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். நமக்குத் தெரிந்ததெல்லாம் பச்சை. அவர் சரிவில் சற்றே கீழிறங்கி ஒரு மரத்தண்டைத் தடவி, "பால் மரம்!" என்று கூவினார். பழைய மரம், பட்டை முண்டும் முடிச்சுமாக, பல்லாண்டுகளுக்குமுன் உளி போட்ட வடு மூடியும் மூடாமலும் இருந்தது. அதற்கப்பால் ஒன்று, மேலும் ஒன்று.

"பால் மரம் இருந்தால் வெட்டினவன் இருந்திருப்பான். வெட்டினவன் காண்டாவில் வாளி தூக்கிக்கொண்டு நடந்திருப்பான். பால் தூக்கினவன் பாதை செங்குத்தாயிருக்காது; சிந்திவிடுமே. மரத்துக்கு மரம் வளைந்து, கடைசியில் சாலைக்குத்தான் போகும்" என்றார். எவனோ ஒருவனுடைய நிரை அது. அவன் தமிழனோ சீனனோ நாமறியோம். வடுவின் உயரத்தைப் பார்த்து, "குட்டையான ஆள்" என்று மட்டும் அண்ணன் சொன்னார்.

நமது பெரும்பையைத் தாம் மாட்டிக்கொண்டார். நம் கையைத் தம் தோளில் போட்டுக்கொண்டார். மரத்துக்கு மரம் போனோம். இடையில் ஓர் ஓடை பொங்கி ஓடியது. குனிந்து, "ஏறிக்கொள்" என்றார். மறுத்தோம். "ஏறு தம்பி, நாற்காலி இல்லை, முதுகுதான் இருக்கிறது" என்றார். நாம் எழுபத்தெட்டுக் கிலோ. ஏறினோம். சுமையின்றி நடக்கும் உரிமையைப் பற்றி முந்திய நாள் அவருக்கு உபதேசித்தவர் நாமே.

பின்னர் அவர் தோளைப் பற்றி நொண்டிவரும்போது, நம்மையறியாமல் எண்ணத் தொடங்கினோம். நூறானதும் மீண்டும் ஒன்று தொடங்கத் தோன்றவில்லை. மேலே எண்ணிக்கொண்டே போனோம். அண்ணன் எண்ணவில்லை. ஜொகூரில் டுரியான் என்ன விலை விற்கும், பேரப்பிள்ளைக்குத் தமிழ்ப்பள்ளியில் இடம் கிடைக்குமா என்று பேசிக்கொண்டே வந்தார்.

மழை விட்டபோது, மரக்கிளைகளுக்கிடையே சந்திர வாயிலின் வெள்ளை வட்டம் தெரிந்தது. அண்ணன் நம்மைப் படியில் இறக்கி உட்காரவைத்து, பையைக் கழற்றிப் போட்டு, சட்டையைப் பிழிந்தார். காற்சட்டைப் பையிலிருந்து ஒரு ரப்பர்க் கொட்டையை எடுத்துத் துடைத்து, பேரனுக்கு என்று மறுபடி பத்திரப்படுத்தினார்.

"எத்தனை?" என்றார்.

நமக்கு வெட்கமாயிற்று. "ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு" என்றோம்.

"ஓடையில் நான் நடந்ததையும் சேர்த்தா?"