ஒரே ராக்கெட்டில் பன்னிரண்டு

நெடுஞ்சாலையில் கார் பஞ்சர். ஸ்டெப்னி டிக்கியில் இருந்தால் அரை மணி நேர வேலை. வீட்டில் இருந்தால்? அன்றைய பயணம் அவ்வளவுதான்.

சாட்டிலைட் போன் கம்பெனிகளுக்கும் இதே தலைவலி உண்டு. கூடுதலாக, ஸ்டெப்னியை ஏற்றிக்கொண்டு வரும் வண்டியே வழியில் வெடித்துவிடலாம்!

அமெரிக்காவின் குளோபல்ஸ்டாருக்குத் தேவைப்பட்டது 48 சாட்டிலைட்டுகள். சுமார் 1,400 கிலோமீட்டர் உயரத்தில் எட்டுப் பாதைகள், பாதைக்கு ஆறு. 1998 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் டெல்டா 2 ராக்கெட்டுகளில் நான்கு நான்காக எட்டு போய்ச் சேர்ந்தன. செப்டம்பரில் ஜெனித் ராக்கெட்டில் ஒரே நடையில் பன்னிரண்டு ஏற்றினார்கள். பைக்கானூரிலிருந்து கிளம்பி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கம்ப்யூட்டர் கோளாறில் இரண்டாம் அடுக்கு எஞ்சின் அணைந்தது. பன்னிரண்டும் போச்சு. மொத்தத் தேவையில் கால்வாசி!

இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு. இருபது ராக்கெட்டில் ஒன்று தோற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 48-ஐயும் பன்னிரண்டு பன்னிரண்டாக அனுப்பினாலும், நான்கு நான்காக அனுப்பினாலும் சராசரி நஷ்டம் அதே 2.4 சாட்டிலைட்தான். ஆனால் கம்பெனிக்கு வரும் அடி சராசரியாக வருவதில்லையே, மொத்தமாக அல்லவா வருகிறது! நான்கு போனால் சமாளிக்கலாம். பன்னிரண்டு போனால் கடை திறக்கும் தேதியே தள்ளிப்போகும். இன்ஷூரன்ஸ் பணத்தைத் தரும், போன மாதங்களைத் தராது.

1999 பிப்ரவரி முதல் சோயுஸ், டெல்டா இரண்டிலும் நான்கு நான்காகவே அனுப்பினார்கள். ஓராண்டில் 52 சேர்ந்துவிட்டது: வேலைக்கு 48, மேலேயே உபரியாக 4. அதற்குள் ஊர் ஊராக செல்போன் டவர்கள் முளைத்துவிட்டன. 2002 பிப்ரவரியில் குளோபல்ஸ்டார் திவால் மனு கொடுத்தது. அந்த ஒரு ராக்கெட்தான் காரணம் என்று சொல்வது நியாயமில்லை, சந்தையே கைவிட்டுவிட்டது.

எட்டுப் பாதைக்கு நாலு உபரி போதுமா? ஒரு பாதையில் இருப்பதை இன்னொரு பாதைக்கு நேரடியாகத் திருப்ப எரிபொருள் கட்டுப்படியாகாது. மெதுவாக நகரவிட்டுக் காத்திருக்க வேண்டும். தரையில் வைத்தால் எந்தப் பாதைக்கும் அனுப்பலாம், ஆனால் ராக்கெட்டுக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்துக்கொள்வதுதான் வழி. குளோபல்ஸ்டாரும் எட்டைக் கிடங்கில் வைத்திருந்தது. கதிர்வீச்சில் பழைய சாட்டிலைட்டுகளின் ஆம்ப்ளிஃபையர்கள் நலிந்து, பேச்சு அடிக்கடி அறுந்தபோது, 2007-ல் நான்கு நான்காக அந்த எட்டும் மேலே போயின.

அடுத்த தலைமுறையில் 24 சாட்டிலைட்டுகள் 2010-க்கும் 2013-க்கும் இடையே, ஆறு ஆறாக. அவற்றின் கூடப்பிறந்த ஒன்று மட்டும் தரையிலேயே தங்கிவிட்டது. ஒன்பது வருடம் கழித்து, 2022 ஜூன் 19-ல்தான் அதற்கு ஃபால்கன் 9-ல் இடம் கிடைத்தது.