மெத்தை வாசம்

திருவள்ளூருக்குப் பெயர் வந்த கதையைக் கேட்டிருப்பீர்கள். சாலிஹோத்திரர் என்ற முனிவர் நெடுநாள் தவம் இருந்து, விரதம் முடித்து, நிவேதனம் செய்த மாவை வைத்துக்கொண்டு அதிதிக்காகக் காத்திருந்தார். பெருமாளே ஒரு கிழவராக வந்து சேர்ந்தார். இருந்ததையெல்லாம் சாப்பிட்டார். வயிறு நிறைந்தால் மனுஷனுக்கு வருகிற கேள்விதான் அவருக்கும் வந்தது. "படுத்துக்கொள்ள எவ்வுள்?" என்றார். உள் என்றால் அறை. முனிவர் தம்முடைய பர்ணசாலையைக் காட்டினார். படுத்தவர் படுத்தவர்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. எவ்வுள் என்ற கேள்வியே திருவெவ்வுள்ளூராகிப் பிறகு திருவள்ளூராகவும் ஆயிற்று என்பது ஸ்தல புராணம்.

ஊருக்குப் பெயரே படுக்கையறையை விசாரித்ததில் வந்தது என்றால், அந்த ஊர்க்காரன் மெத்தையைப் பற்றி எழுதுவதில் தப்பில்லை. நான் இருப்பது ஸ்டேஷனுக்குத் தெற்கே, மணவாள நகரில். பட்டணத்தில் பேர் கெட்டுப்போன கூவம் எங்கள் பக்கத்தில் சாதுவான மணல் ஆறு, மழை நாளில் மட்டும் தண்ணீரைக் காட்டும். விடியுமுன் தெருமுனையில் கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று ஆட்களை அள்ளிக்கொண்டு போகும். எங்கள் மாப்பிள்ளையும் அந்த பஸ் ஜாதிதான், ஒரகடம் பக்கத்தில் ஒரு கார்த் தொழிற்சாலையில் வேலை.

போன ஐப்பசியில் என் தங்கை தலைப்பிரசவத்துக்கு வந்தாள். வந்த மறுநாளே, அம்மாவின் பழைய இலவம் பஞ்சு மெத்தை குண்டும் குழியுமாக இருக்கிறது, இடுப்பு விட்டுப் போகிறது என்று அவரிடம் போனில் சொல்லியிருக்கிறாள். நாலாம் நாள் ஒரு நீளப் பெட்டி வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. கூடவே, பலகை பலகையாகக் கழற்றிக் கட்டின கட்டில் ஒன்று.

ஆறடி மெத்தையில் உள்ள காற்றையெல்லாம் பிழிந்து, பாயைப் போல உருட்டி, பிளாஸ்டிக் உறைக்குள் திணித்திருந்தார்கள். உறையைக் கத்தரித்ததுதான் தாமதம், 'புஸ்' என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு, கும்பகர்ணன் சோம்பல் முறிப்பதுபோல அது தானாகவே விரிந்து எழுந்தது. பார்க்கப் பிரமாதமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷம் அறையில் ஒரு வாசனை பரவியது. வாசனை என்று நான் சொல்வது மாப்பிள்ளையின் மரியாதைக்காக. புதுச் செருப்புக் கடையையும் பெயிண்ட் டப்பாவையும் சேர்த்து ஒரு பீரோவில் பூட்டி வைத்துத் திறந்ததுபோல இருந்தது.

"என்னடா இது, வீட்டுக்கு வெள்ளையடிச்ச மாதிரி நாறுது?" என்றாள் அம்மா.

தங்கை கொல்லைப் பக்கம் ஓடினாள். வாயைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தவள் முதலில் சொன்ன வார்த்தை, "அவர்கிட்ட சொல்லிடாதே அண்ணா. ஆசையா அனுப்பிச்சிருக்கார்."

ஆக, மெத்தையைத் திருப்பி அனுப்ப முடியாது, அந்த அறையில் அவள் படுக்கவும் முடியாது. இன்னும் ஒன்றரை மாதத்தில் அந்த அறைக்கு ஒரு சிசு வேறு வந்து சேரவேண்டும்.

இந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். இந்த மெத்தைகள் பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனவை. ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்ற ரசாயன நிபுணரும் அவருடைய சகாக்களும் 1937-ல் கண்டுபிடித்தது. பாலியால், ஐசோசயனேட் என்ற இரண்டு திரவங்களைக் கொஞ்சம் தண்ணீரோடு கலக்கினால் கரியமில வாயு கிளம்புகிறது. கலவை இட்லி மாவு பொங்குவதுபோலப் பொங்கி, அப்படியே இறுகிவிடுகிறது. இறுகினபின் அது சாதுவான பண்டம். ஆனால் பொங்க வைப்பதற்குச் சேர்த்த வினையூக்கிகளும், அடுக்குகளை ஒட்டின பசையும் கொஞ்சம் கொஞ்சம் மிச்சம் நின்று ஆவியாகிக்கொண்டிருக்கும். உறைக்குள் அடைபட்டுக் கிடந்த ஆவி திறந்தவுடன் ஒரேயடியாக வருகிறது. சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அளவு சொற்பந்தான் என்றாலும் தலைவலி, குமட்டல் இவற்றுக்கு அது போதும். இழுப்பு உள்ளவர்களுக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். கர்ப்பிணியின் மூக்கைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் மெத்தையை வெளியே எடுத்த பிறகும் அறையில் கண் கரித்தது. இதைத் தீர்த்துவைத்தவர் எங்கள் தெருவில் இருக்கிற வயதான ஆசாரி. ஜன்னல் கொக்கி பொருத்த வந்தவர், கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி, அறுத்த விளிம்பில் மூக்கை வைத்தார்.

"மெத்தை மேல பழி போடாதீங்க சார். இதை மோந்து பாருங்க. மரமா இது? மரத்தூளுங்க. கோந்து போட்டு அழுத்தினது."

அந்தக் கோந்துதான் விஷயம். யூரியா-பார்மால்டிஹைட் பிசின். சூடும் ஈரமும் கூடக் கூட அது பார்மால்டிஹைடைக் கக்கும். ஐரோப்பாவின் குளிர் தேசங்களில் ஒரு கட்டில் கக்குவதை விட, ஐப்பசி மாத மணவாள நகரில், துணி காயாமல் உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டுக்கொள்ளும் காலத்தில், அதே கட்டில் அதிகம் கக்கும். கண்ணையும் தொண்டையையும் கரிப்பது இதன் குணம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று தீர்மானித்தது. உடனே கட்டிலை உடைத்து அடுப்பில் வைக்கவேண்டாம் (அந்தப் புகை இன்னும் மோசம்). எவ்வளவு, எத்தனை காலம் என்பதுதான் கணக்கு. வீட்டுக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று அதே ஸ்தாபனம் வரம்பு வைத்திருக்கிறது. ஆசாரி அதெல்லாம் படித்தவரில்லை. ஆனாலும் மூடாமல் விட்டிருந்த விளிம்புகளுக்கெல்லாம் பட்டை ஒட்டி அடைத்தார். அடைத்த பலகை குறைவாகவே கக்கும்.

இதற்குள் அக்கம்பக்கத்தில் சமாசாரம் பரவி, ஆளுக்கொரு வைத்தியம் வந்து சேர்ந்தது.

அம்மாவின் வைத்தியம் சாம்பிராணி. சாம்பிராணி போட்டால் மெத்தை வாசனை தெரியாதுதான். அது போய்விடவில்லை, சாம்பிராணிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது. கூடவே புகை வேறு. எதிர் வீட்டு மாமி ஆப்பசோடாவைத் தூவச் சொன்னார். புளித்த வாடைக்கு அது கேட்கும், இந்த ஆவிகளுக்கு அவ்வளவாகக் கேட்காது. எங்கள் ஈரக் காற்றில் அரை நாளில் கட்டி தட்டிப்போயிற்று. இன்னொருவர் கைப்பிடி அந்துருண்டையைக் கொண்டுவந்து மெத்தைக்கடியில் போடச் சொன்னார். இதை மட்டும் பிரசவம் பார்க்கிற டாக்டரம்மா கேட்டதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்துருண்டை வீட்டிலேயே வேண்டாம். பீரோவில் வச்சிருந்த துணியைக் கூடத் துவைச்சு உலர்த்தாமல் குழந்தைக்குப் போடாதீங்க" என்றார். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்குமாம். அவர்கள் நாப்தலீன் ஆவியைச் சுவாசித்தால் சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள் காமாலை கடுமையாக வருமாம். எத்தனை வீட்டுப் பிள்ளைத்தாச்சி பீரோவில் அந்த வெள்ளை உருண்டைகள் இருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் இருந்தவற்றை அன்று சாயங்காலமே பொறுக்கி எடுத்தோம்.

டாக்டரம்மா சொன்ன மருந்து, காசு கொடுக்காமல் கிடைப்பது. எதிரெதிராக இரண்டு ஜன்னல்களைத் திறந்து வைப்பது. சொல்வதற்கு எளிதாயிருக்கிறது! மணவாள நகரில் சாயங்காலம் ஜன்னலைத் திறப்பது என்பது கொசுக்களுக்குப் பந்தி விரிப்பது. அதற்குப் பயந்து சுருள் கொளுத்தினால், ஒரு சுருள் முழுக்க எரிந்து தீரும்போது வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஒரு ஆய்வில் அளந்து சொல்லியிருக்கிறார்கள். சரி, ஏ.சி. போட்டுக் கதவைச் சாத்தலாம் என்றால், நம் வீட்டுச் சுவரில் மாட்டுகிற ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கிற காற்றையே குளிரவைத்துக் குளிரவைத்துத் திருப்பித் தருகிறது. வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்கு 420 பங்கு சுமார் இருக்கும் கரியமில வாயு, இரண்டு பேர் கதவடைத்துத் தூங்கும் அறையில் விடிவதற்குள் 2000-ஐத் தாண்டுவது சாதாரணம். காலையில் எழுந்தால் தலை கனக்கிறதே, அதற்கு நேற்றைய ராத்திரிச் சாப்பாட்டைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஏ.சி. ஈரத்தைக் குறைக்கிறது என்பது வாஸ்தவம். அந்தப் புண்ணியத்தை அதற்குக் கொடுத்தாகவேண்டும்.

கடைசியில் ஜன்னல்களுக்கு வலை அடித்தோம். அவ்வளவு யோசனைக்கும் முடிவு இந்த வலைதான்.

மெத்தையைப் பின் தாழ்வாரத்தில், வெயில் படாத இடத்தில் சுவரோரமாக நிமிர்த்தி வைத்து, எதிரே ஒரு மின்விசிறியைப் போட்டேன். வெயிலில் காயப்போடவேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். இலவம் பஞ்சுக்கு வெயில் அமிர்தம், இந்த நுரைக்கு ஆகாது. மஞ்சளடித்துப் பொடிய ஆரம்பித்துவிடும்.

அம்மாவுக்கு இதில் ஜெயம். "எங்க காலத்து மெத்தைக்கு இந்த வியாதியெல்லாம் உண்டா? போடியிலேருந்து பஞ்சு வந்தது. வாசல்லயே உட்கார்ந்து வில்லால அடிச்சுத் தச்சுக் கொடுத்துட்டுப் போனான்" என்றாள். இலவம் பஞ்சு உயர்ந்த சரக்குதான். இழையின்மேல் மெழுகுப் பூச்சு உண்டு, தண்ணீர் ஏறாது. இரண்டாம் உலக யுத்தத்தில் கப்பற்படை மிதவைச் சட்டைகளில் அதைத்தான் அடைத்தார்கள். ஆனால் என் தங்கை பத்து வயதுவரை, மார்கழி வந்தால் ராத்திரி உட்கார்ந்தே தூங்கினது அதே மெத்தையில்தான். தூசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு உண்ணி வாழ்கிறது, அதுதான் இழுப்புக்குக் காரணம் என்று ஹாலந்து விஞ்ஞானிகள் 1964-ல் காட்டினார்கள். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் அதற்கு ஆகாரம், காற்றின் ஈரமே அதற்குத் தண்ணீர். ஈரப்பதம் நூற்றுக்கு 50-க்குக் கீழே போனால் அது செத்துப்போகும். எங்கள் ஊரில் அது சாக வாய்ப்பே இல்லை. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அதுக்குத்தான் வெயில்ல போடறது" என்று ஒரே வார்த்தையில் என்னையும் ஹாலந்தையும் அடக்கிவிட்டாள்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார்.

யாரும் எதிர்பார்க்கவில்லை. தாழ்வாரத்தில் அவருடைய மெத்தை, பெஞ்சின்மேல் ஏற்றின பள்ளிப் பிள்ளையைப் போல நின்றுகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். அம்மா, "ஈரமா இருந்தது, மாப்பிள்ளை..." என்று ஏதோ ஆரம்பித்தாள்.

"வாசனை தாங்கலைங்க, அதான்" என்று தங்கை உண்மையைப் போட்டு உடைத்தாள்.

அவருக்குக் கோபம் வரவில்லை. மெத்தையிடம் போய்க் குனிந்து முகர்ந்தார். திருப்பிப் போட்டு முகர்ந்தார். "வாசனையா? ஒண்ணும் தெரியலையே மச்சான்" என்றார் என்னிடம். பத்து நாள் காற்றாடின பிறகும் எனக்கு இரண்டடி தூரத்தில் தெரிந்தது.

"எத்தனை வருஷமா பெயிண்ட் ஷாப்ல இருக்கீங்க மாப்பிள்ளை?"

"எட்டாச்சு."

"முகமூடி?"

"கொடுக்கறாங்க. கோடையில முகத்துல நிக்கறதில்லை. இறக்கிக்குவோம்."

தங்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "ரசத்துல பெருங்காயம் விட்டுப்போனாலும் ஒண்ணும் சொல்லமாட்டார் அண்ணா. பால் அடிப்பிடிச்ச அன்னிக்கும் அப்படியே குடிச்சார். குறையே சொல்லாத மனுஷன்னு நினைச்சேன்" என்றாள்.

கரைப்பான் ஆவியை நாள்தோறும் சுவாசித்தால் மோப்பம் மழுங்கிப்போகும் என்பது தொழில் மருத்துவத்தில் தெரிந்த விஷயம். வலி கிடையாது, ரத்தம் கிடையாது, ஆகையால் லீவும் கிடையாது. தனக்குக் குறைந்துவிட்டது என்பதே அந்த மனுஷனுக்குத் தெரிவதில்லை. நாங்கள் பதினாறு நாள் ஆர்ப்பாட்டம் செய்த ஒரு நாற்றத்தைப் போலப் பல மடங்கை அவர் ஷிப்டுக்கு எட்டு மணி நேரமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். விடியற்காலையில் தெருமுனையில் நிற்கிற பிள்ளைகளில் இன்னும் எத்தனை பேரோ.

அன்றைக்கு அவள் அவரை விடவில்லை. மூக்கு டாக்டரிடம் போகிறேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏற்றினாள். மெத்தை பதினாறாம் நாள் உள்ளே போயிற்று. அவள் அதில் படுத்துக்கொண்டாள். நன்றாகத்தான் இருக்கிறதாம்.

கார்த்திகைக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. பஞ்சுபோல அமுங்குகிற படுக்கையில் சிசுவைப் போடக்கூடாது, கெட்டியாகச் சமமாக இருக்கவேண்டும், மல்லாக்கத்தான் கிடத்தவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால், அவ்வளவு அமர்க்களத்துக்கும் காரணமான அந்த மெத்தையில் குழந்தை படுக்கவில்லை. பக்கத்தில் தனியாக ஒரு சின்னத் தொட்டில் கட்டில் வாங்கினோம். இந்த முறை ஆசாரியே தேக்கில் செய்து கொடுத்தார்.

மாப்பிள்ளை வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார், இன்னும் பதில் வரவில்லை. மூக்கு டாக்டர் கொடுத்த சிகிச்சை விசித்திரமாக இருக்கிறது. கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ் தைலம், இந்த நாலையும் காலையிலும் மாலையிலும் வரிசையாக முகர்ந்து, இன்னது இன்னது என்று மனத்தில் நினைத்துக்கொள்ளவேண்டுமாம். மாதக்கணக்கில் செய்தால் சிலருக்குத் திரும்ப வருகிறதாம். நாலு குப்பிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் சனிக்கிழமைதோறும் இங்கே வருகிறார். ஜன்னல் திண்டில் அவற்றை வரிசையாக வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக முகர்ந்து முடித்து, பிறகு குனிந்து குழந்தையை உச்சி முகர்கிறார்.

"தெரியுதா?" என்பாள் தங்கை.

"கிராம்பு லேசாத் தெரியுது" என்கிறார்.