ஃப்ரீ டே

"நாளைக்கு ஃப்ரீ டேப்பா" என்று போனில் சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "ஃப்ரீன்னா, எங்கயும் டிக்கெட் கிடையாதாம்மா?" என்பதுதான். சிரித்துவிட்டு, "வகுப்பு கிடையாதுப்பா, ஊர் சுத்திப் பாக்கலாம்" என்றேன். கேள்வி என்னவோ மனதில் தங்கிவிட்டது.

2013 ஜூன். கல்லூரியிலிருந்து இரண்டு வாரப் பயிற்சிக்காக எடின்பரோவுக்குப் போன பதினோரு பேரில் நானும் ஒருத்தி. தாம்பரத்துக்காரர்களுக்கு ஸ்காட்லாந்து ஒன்றும் புதிதல்ல. 1837இல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்டியப் பாதிரியார் தொடங்கிய பள்ளிதான் வளர்ந்து, 1937இல் எங்கள் ஊருக்கு வந்த கிறித்தவக் கல்லூரி. அங்கிருந்து இங்கே வந்தவர்கள் பலர். எங்கள் வீட்டிலிருந்து அங்கே போன முதல் ஆள் நான்.

வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில். கீழ்த்தளம் மட்டும் முடித்தது. மாடிக்காக விட்ட பில்லர் கம்பிகள் மொட்டைமாடியில் நீட்டிக்கொண்டிருக்கும். துருப்பிடிக்காமலிருக்க அப்பா அவ்வப்போது சிமெண்ட் பால் பூசுவார். அம்மா அவற்றில் கொடி கட்டித் துணி காயப்போடுவாள். செம்பாக்கம், சேலையூர், மேடவாக்கம் என்று எங்கள் பக்கம் எந்த மாடியில் ஏறினாலும் இப்படி நாலு வீட்டுக் கம்பி தெரியும். எங்கள் மாடிக்கென்று சேர்த்த பணம் என் விமான டிக்கெட்டாகியிருந்தது. அப்பா அதைச் சொல்லவில்லை. மேஸ்திரி வீட்டுக்கு வருவது நின்றுபோனதில் நானே தெரிந்துகொண்டேன்.

சனிக்கிழமை காலை எல்லோரும் கோட்டை வாசலுக்குப் போனோம். டிக்கெட் அன்றைய கணக்கில் ஆயிரம் ரூபாய்க்கு மேல். மூன்று மூட்டை சிமெண்ட் என்று மனம் கணக்குப் போட்டது. "எனக்குத் தலை வலிக்குது, நீங்க போயிட்டு வாங்க" என்றேன். தனியாக யாரும் சுற்றக் கூடாது என்பது மேடத்தின் கண்டிப்பு. என் அறைத்தோழி, "எனக்கும் கால் வலி மேம், நான் இவகூட இருக்கேன்" என்றாள். முந்தின நாள்தான் எங்களையெல்லாம் முந்திக்கொண்டு படியேறியவள். நான் எதுவும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

அன்று நாங்கள் பார்த்ததெல்லாம் காசில்லாதவை. தேசிய அருங்காட்சியகத்துக்குக் கட்டணமில்லை. குளோனிங்கில் பிறந்த டாலி ஆட்டைப் பாடம் செய்து கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். கோட்டைக்குக் கீழே பூங்காவில் உட்கார்ந்து, ரொட்டியில் அம்மாவின் தக்காளித் தொக்கைத் தடவித் தின்றோம். திடீரென்று வெடிச்சத்தம். தூக்கிவாரிப் போட்டது. லீத் துறைமுகத்துக் கப்பல்கள் நேரம் சரிபார்க்க, 1861 முதல் கோட்டையில் பகல் ஒரு மணிக்குச் சுடும் பீரங்கியாம். "பாரேன், வெளிய இருக்கறவங்களுக்கும் கேக்குது" என்றாள் தோழி.

பிறகு கால்டன் குன்று. மேலே ஏறினால் ஒரு பக்கம் கடல், நடுவே பிரம்மாண்டமான பன்னிரண்டு தூண்கள். கூரை இல்லை, சுவர் இல்லை. இடிந்துபோன கோயில் என்றே நினைத்தேன். பலகையைப் படித்தால் விஷயம் வேறு. நெப்போலியன் போர்களில் இறந்த ஸ்காட்டிய வீரர்களுக்காக, ஏதென்ஸ் பார்த்தினன் மாதிரியில் 1826இல் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். 1829இல் பணம் தீர்ந்து வேலை நின்றுவிட்டது. 'எடின்பரோவின் அவமானம்' என்று பட்டப்பெயர்கூட உண்டு.

அந்த அவமானத்தின் முன்னால் உலகமே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு குழந்தை அடித்திண்டில் ஏற முடியாமல் அழ, அதன் அப்பா தூக்கி உட்கார வைத்தார். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். காலையிலிருந்து இல்லாத தலைவலி அப்போது நிஜமாகவே வந்தது. தோழி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

ராத்திரி அப்பா கேட்டார்: "கோட்டை பாத்தியாம்மா?"

"பாத்தேன்பா." பொய்யில்லை. கீழேயிருந்து நன்றாகவே தெரிந்தது.

ஊர் திரும்பிய பிறகு மொட்டைமாடியில், கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவிடம் படங்களைக் காட்டினேன். கோட்டைக்குள் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை என்பதை அவர் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார். கேட்கவில்லை. தூண்களின் படம் வந்ததும் கதையைச் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"காசு தீந்துபோச்சுங்கற. ஆனா பாரு, தூணுக்கு மேல குறுக்கே பீம் போட்டு முடிச்சுட்டான். நம்மள மாதிரி கம்பிய நீட்டி விடல" என்றார்.

பிறகு நிமிர்ந்து எங்கள் கம்பிகளைப் பார்த்தார். "நம்ம இன்னும் முடிக்கலன்னு அர்த்தம்."