பையில் இரண்டு எடைகள்

நம் எழுதுமேசையின்மீது இரண்டு சிறு உலோகத் துண்டுகள் கிடக்கின்றன. இரண்டும் துப்பாக்கிக் குண்டின் வடிவம் கொண்டவை. இரண்டும் ஏறத்தாழ 10 கிராம் எடையுள்ளவை. இரண்டிலும் தூண்டில் நரம்பு நுழைவதற்கு நடுவே ஒரு துளை உண்டு. ஒன்று காரீயம், மற்றொன்று டங்ஸ்டன். இவ்விரண்டில் எதைத் தூண்டிலில் கட்டுவது என்ற வினா ஒரு குருவின் மனச்சான்றை ஒரு கோடைக்காலம் முழுதும் உறுத்தியது என்றால் வாசக அன்பர்கள் நகைக்கக்கூடும். எனினும் நடந்தது அதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், ஏரிகள் சூழ்ந்த சிற்றூர்ப் பங்கு ஒன்றில் பணியாற்ற அனுப்பப்பட்டோம். அங்கே கோடை என்றால் தூண்டில்தான். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆலய வாயிலில் மறையுரையைவிட மீனைப் பற்றியே மிகுதியாகப் பேசுவர். பாஸ் என்னும் நன்னீர் மீன் நீர்ச்செடிகளின் நடுவிலும், மூழ்கிய மரக்கட்டைகளின் அடியிலும் பதுங்கி வாழ்வது. மென்மையான செயற்கைப் புழுவை முள்ளில் மாட்டி, அதற்கு முன்னே ஓர் எடையைக் கோத்து எறிவர். அந்த எடை இரையை அடித்தரைக்கு இறக்குகிறது. கல்லில் உரசினோமா, சேற்றில் புதைந்தோமா என்பதை நரம்பின் வழியே கைக்குச் சொல்கிறது. அடிக்கடி எதிலாவது சிக்கி அறுந்து, நீருக்குள்ளேயே தங்கியும் விடுகிறது.

பங்கைச் சேர்ந்த முதிய தச்சர் ஒருவர் இக்கலையை நமக்குக் கற்பித்தார். பழைய ஈயத்தைத் தம் கொட்டகையில் உருக்கி, அச்சில் வார்த்து, எடைகளைத் தாமே செய்துகொள்வார். ஈயம் 327 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே உருகிவிடும். அதற்குச் சிறு அடுப்பே போதும். முதற்கோடையில் 40 எடைகளை ஒரு தகரப் பெட்டியில் இட்டு, "ஃபாதர், இவை உங்களுக்கு" என்று தந்தார். வீச்சு வலையின் விளிம்பில் ஈயக் குண்டுகள் கோத்திருப்பதை நம் கடற்கரைப் பங்குகளில் பலகாலம் கண்டிருந்த நமக்கு அதில் தவறேதும் தோன்றவில்லை.

இரண்டாம் கோடையில் ஏரிக்கரையில் லூன் பறவை ஒன்று இறந்து கிடந்தது. லூன் அம்மாநிலத்தின் பறவை. கருந்தலையும் செந்நிறக் கண்ணும் உடையது. இரவில் அது எழுப்பும் நெடிய குரல், யாரோ ஒருவர் தொலைவில் நின்று அழைப்பது போலிருக்கும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முட்டைகளே இடும். ஆகவே முதிர்ந்த பறவை ஒன்றின் இழப்பு எளிதில் ஈடாவதில்லை. வனவிலங்குத் துறையினர் அதை எடுத்துச் சென்று ஊடுகதிர்ப் படம் பிடித்தபோது, அரைவைப்பையில் ஒரு துண்டு ஈயம் தெரிந்ததாக அறிந்தோம்.

இரையை அரைப்பதற்காக லூன் சிறு கற்களை விழுங்குகிறது. அக்கற்களோடு ஈயத்தையும் விழுங்கிவிடுகிறது. நரம்பை அறுத்துக்கொண்டு ஓடிய மீனை உண்ணும்போதும் ஈயம் உள்ளே போகிறது. கற்களின் உராய்விலும் வயிற்று அமிலத்திலும் அது கரைந்து குருதியில் கலக்க, பறவை சில வாரங்களில் இறக்கிறது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1989 முதல் 2012 வரை இறந்து கிடைத்த முதிர்ந்த லூன்களை ஆராய்ந்தபோது, ஏறத்தாழப் பாதி தூண்டில் ஈயத்தால் மாண்டவை எனக் கண்டனர். பிரித்தானியாவில் அன்னங்கள் இவ்வாறே மடிந்ததால் 1987-இல் சிறு ஈய எடைகளின் விற்பனை தடைசெய்யப்பட்டது. அதன்பின் அன்னங்கள் மீண்டும் பெருகின. நாம் பணியாற்றிய காலத்தில் மின்னசோட்டாவில் அத்தகைய பொதுத்தடை இல்லை. முடிவு அவரவர் மனச்சான்றுக்கே விடப்பட்டிருந்தது.

கடையில் டங்ஸ்டன் எடைகள் இருந்தன. குண்டு பல்பின் இழையாக நாம் அறிந்த உலோகம் அது. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம் என்றால், டங்ஸ்டன் 19.3 கிராம். ஆகவே அதே எடை மிகச் சிறிய உருவில் அடங்கிச் செடிகளுக்குள் எளிதில் நுழையும். கடினமானதாகையால் தரையின் அதிர்வையும் தெளிவாக உணர்த்தும். மீனவன் விரும்ப வேண்டிய யாவும் அதில் உண்டு. விலைதான் ஈயத்தைப்போல் பல மடங்கு. 3,400 டிகிரிக்கு மேல் உருகும் அதனைக் கொட்டகையில் வார்க்க இயலாது. பொடியாக்கி அழுத்திச் சுட்டே செய்யவேண்டும்.

விலையைக் கேட்டுத் திரும்பினோம். "பெட்டி தீரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். சாக்குகளுக்குக் குறைவில்லை. அன்பளிப்பைப் புறக்கணிக்கலாமா? குருவுக்குச் சிக்கனம் அழகல்லவா? டங்ஸ்டன் மட்டும் தூயதா? காங்கோ நாட்டில் ஆயுதக் குழுக்களுக்குப் பணம் சேர்க்கும் கனிமங்களுள் அதுவும் ஒன்றென்று 2010-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமே குறிப்பிடவில்லையா? இக்கடைசி வினா மெய்யானது. ஆயினும் நாம் அதை எழுப்பியது காங்கோ மக்களுக்காக அன்று, நம் பணப்பைக்காக. அவர்களுக்காகவே கேட்டிருந்தால் எஃகு எடை வாங்கியிருப்போம்.

செப்டம்பர் முதல் நாள், படைப்பைப் பேணுவதற்கான இறைவேண்டல் நாள். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வழங்கிய 'லவுதாத்தோ சி' சுற்றுமடலை விளக்கி, ஒவ்வோர் உயிரும் நமக்குப் பயன்படுவதால் அன்று, தன்னிலேயே கடவுள்முன் மதிப்புடையது என்று மறையுரை ஆற்றினோம். பலரும் பாராட்டினர். அன்று மாலையே படகிலேறி ஈயத்தைக் கட்டினோம். எறிந்த இரண்டாம் முறையே அது அறுந்து மூழ்கியது. அப்போதுதான் இணைச்சட்ட நூலின் கட்டளை ஒன்று நினைவுக்கு வந்தது: ஒரே பையில் இருவகை எடைக்கற்கள் இருத்தலாகாது. அதை வணிகருக்கான சட்டம் என்றே குருமடத்தில் பயின்றிருந்தோம். பீடத்தில் ஓர் எடையும் படகில் ஓர் எடையும் வைத்திருந்த குருவுக்கும் அது பொருந்தும் என்பது அன்று விளங்கியது.

மறுநாள் தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு தச்சரிடம் சென்றோம். பறவையைப் பற்றியும் ஈயத்தைப் பற்றியும் சொன்னோம். அவர் சினங்கொள்ளவில்லை. பெட்டியைத் திறந்து பொறுமையாக எண்ணினார். 13 இருந்தன.

"நாற்பது தந்தேனே ஃபாதர், மற்றவை?"

"ஏரியில்."

மற்றவை 27. அவற்றுள் 18 அறியாமையில் போனவை. 9, லூன் இறந்தபின் அறிந்தே எறியப்பட்டவை. வெல்ல இயலாத அறியாமை குற்றத்தை நீக்கும் என்று அறநெறி இறையியல் கற்பிக்கிறது. அந்த ஒன்பதுக்கு அப்புகலிடம் இல்லை. இதை அவரிடம் மறைக்காமல் கூறினோம்.

நெடுநேரம் பேசாதிருந்த அவர், "நீங்கள் எண்ணிவிட்டீர்கள். நான் அறுபது ஆண்டுகளாக வார்க்கிறேன். என் கணக்கை யார் எண்ணுவது?" என்றார். இறை இரக்கத்தைப் பற்றி எத்தனையோ முறை பேசிய நாவுக்கு அப்போது சொல் எழவில்லை. அவருடன் அமர்ந்திருந்தோம்; அவ்வளவே.

எஞ்சியவற்றை நச்சுக் கழிவு சேகரிக்கும் நிலையத்தில் ஒப்படைத்தோம். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். அவர் தம் அச்சை என்ன செய்தார் என்று நாம் கேட்கவில்லை. நாம் விடைபெற்றுப் புறப்பட்ட நாளில், ஆலய வாயிலில் ஒரு சிறு டங்ஸ்டன் எடையை நம் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

இரவில் மனச்சான்றை ஆய்வு செய்யும்போது இன்றும் இவ்விரண்டையும் பார்க்கிறோம். அறியாமல் செய்தவற்றை இறைவனின் இரக்கத்திடம் விட்டுவிடலாம். அறிந்தபின் "பெட்டி தீரட்டும்" என்று தள்ளிப்போட்டவை எவை என்பதையே நாம் எண்ணவேண்டியிருக்கிறது.