மாப்பிள்ளை போட்டுக் கொடுத்த ஃபயர்பாக்ஸ்

நான் குரோம்தான் பயன்படுத்துகிறேன். அலுவலகத்தில், வீட்டில், போனில், எல்லாவற்றிலும். உலகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் அதைத்தானே பயன்படுத்துகிறார்கள், இதில் ஒப்புக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. என்னைத் தெரிந்தவர்களிடம் விசாரித்தால், "அவரா, ஃபயர்பாக்ஸ் ஆளாச்சே" என்பார்கள். அந்தப் பெயரை நானே பாடுபட்டுச் சம்பாதித்தேன். புது லேப்டாப் வாங்கிய நண்பர், கல்லூரியில் சேர்ந்த அக்கா பெண், ஓய்வு பெற்ற மாமனார் என்று கையில் அகப்பட்டவர்களின் கணினியில் எல்லாம் ஃபயர்பாக்ஸைப் போட்டு, அதையே டீஃபால்ட் பிரவுசராக்கி, "நீங்கள் போகிற இடமெல்லாம் கூகுள் பின்னாலேயே வருகிறது, தெரியுமா" என்று ஒரு சின்னப் பிரசங்கமும் செய்த பிறகுதான் அவர்கள் கொடுக்கும் காபியைக் குடிப்பேன். வீட்டுக்கு வந்து என் கணினியைத் திறந்தால் குரோம்.

ஆரம்பத்தில் இது நடிப்பில்லை. ஃபயர்பாக்ஸின் முதல் பதிப்பு 2004 நவம்பரில் வந்தபோது நான் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குப் பார்த்து இணையம் மேய்கிறவன். அன்றைக்கு இன்டர்நெட் எக்ஸ்புளோரர்தான் இணையம். விண்டோஸோடு சேர்ந்தே வந்ததால் வேறொரு பிரவுசர் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. அதன் ஆறாவது பதிப்பு 2001-ல் வந்தது. போட்டிக்கு ஆளில்லாத தெம்பில், ஏழாவதைக் கொண்டுவர மைக்ரோசாஃப்ட் ஐந்து வருடம் எடுத்துக்கொண்டது. தமிழ்ப் பத்திரிகைகளின் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்த காலம் அது. பக்கத்தோடு தானாக இறங்கும் அந்த எழுத்துரு பெரும்பாலும் எக்ஸ்புளோரருக்கு மட்டும் புரிகிற வடிவத்தில் இருக்கும். ஃபயர்பாக்ஸில் திறந்தால் தலைப்புச் செய்தி ஆங்கில எழுத்தும் கொக்கியும் புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். அதையும் பொறுத்துக்கொண்டு சென்டர் கம்ப்யூட்டரில் ஃபயர்பாக்ஸை இறக்குவேன். மறுநாள் போனால் ஓனர் அதைத் தூக்கியிருப்பார். திரும்பவும் இறக்குவேன்.

அதே 2004 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸில் ஃபயர்பாக்ஸுக்காக இரண்டு பக்க விளம்பரம் வந்தது. பணம் கொடுத்த சுமார் 10,000 பேரின் பெயர்களையும் பொடி எழுத்தில் அதிலேயே அச்சடித்திருந்தார்கள். அதில் என் பெயர் இல்லை. அப்போது என்னிடம் கிரெடிட் கார்டு இல்லை, இருந்திருந்தால் கொடுத்திருப்பேன் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்புறம் கார்டு வந்தது. கொடுக்கவில்லை.

2008 செப்டம்பரில் குரோம் வந்தது. ஒரு டேப் முடங்கினால் மற்ற டேப்கள் சாகாது என்றார்கள், உண்மையிலேயே சாகவில்லை. அதை முன்னின்று கொண்டுவந்தவர் சுந்தர் பிச்சை, மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர். நம்ம ஊர்க்காரர் செய்தது என்று ஒரு கூட்டத்தில் நான் சமாதானம் சொன்னதும் உண்டு. சும்மா பார்ப்பதற்குத்தான் என்று நிறுவினேன். என்னைக் கவிழ்த்தது அதன் வேகமல்ல, போன். ஆண்ட்ராய்டில் குரோம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. கூகுள் கணக்கில் நுழைந்ததும் பேருந்தில் பாதி படித்த பக்கம் வீட்டுக் கணினியில் காத்திருந்தது. கரண்ட் பில், கேஸ் புக்கிங், ரயில் டிக்கெட் என்று எல்லா பாஸ்வேர்டும் தானாக வந்து விழுந்தன. கொள்கை எந்த நாளில் என்னைவிட்டுப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் தேதி ஞாபகம் இருக்கும்.

மாட்டிக்கொண்டால் சொல்வதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன்: "எதை எடுத்தாலும் உள்ளே குரோமியம்தானே." கேட்பவர் வாயடைத்துப் போவார், ஏனென்றால் பெரும்பாலும் அது உண்மை. ஓபரா 2013-ல் தன் சொந்த எஞ்சினைக் கைவிட்டு, குரோமுக்கு அடித்தளமான குரோமியத்துக்கு மாறியது. மைக்ரோசாஃப்டே தோற்றுப்போய் 2020-ல் எட்ஜை அதன்மேல் கட்டி வெளியிட்டது. பிரேவ், விவால்டி, நம் ஜோஹோவின் உலா, எல்லாவற்றுக்கும் அடியில் அதுதான். பேர் சொல்லும்படி மிச்சமிருப்பவை ஆப்பிளின் சஃபாரியும் ஃபயர்பாக்ஸும். ஆனால் இந்த உண்மையை நான் சொல்லும்போது அது பொய்யாகிவிடுகிறது. எஞ்சின் ஒன்று என்பதற்காக, பிரேவும் குரோமும் என்னைப் பற்றி ஒரே அளவு விவரம் சேகரிப்பதில்லை. அது எனக்கு நன்றாகவே தெரியும். மேலும், எல்லாம் குரோமியமாகிவிட்டது என்பது ஃபயர்பாக்ஸைப் பயன்படுத்துவதற்கான காரணம். அதையே பயன்படுத்தாமலிருக்கக் காரணமாகத் திருப்பிப் போட்ட சாமர்த்தியம் என்னுடையது.

ஒருமுறை மாறப் பார்த்தேன். குரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றி, யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானின் முழு வடிவத்துக்கு இடமில்லாமல் செய்தபோது, இனியும் இருந்தால் மானமில்லை என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். வேலை ஒன்றும் பெரிதில்லை. குரோமிலிருந்து பாஸ்வேர்டுகளை ஒரு சிஎஸ்வி கோப்பாக இறக்கி ஃபயர்பாக்ஸில் ஏற்ற வேண்டும், புக்மார்க்குகள் தாமாகவே வந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. சாயங்காலம் என் வங்கியின் தளத்தில் நுழைந்தால் பக்கம் பாதியில் நின்றது. முகவரிப் பட்டை ஓரத்தில் இருக்கும் கேடயச் சின்னத்தைத் தொட்டு, அந்த ஒரு தளத்துக்கு மட்டும் டிராக்கிங் தடுப்பை அணைத்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பிறருக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அணைக்கவில்லை. "இதுக்குத்தான்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு குரோமைத் திறந்தேன். எனக்குத் தேவைப்பட்டது ஒரு சாக்கு, அந்த வங்கி புண்ணியத்தில் அது கிடைத்தது.

இதைவிடக் கேவலம் ஒன்று பாக்கி. மாதங்கள் கழித்து ஆதார் பிடிஎஃப்-ஐத் தேடி டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் துழாவியபோது அந்த சிஎஸ்வி கோப்பு அங்கேயே இருந்தது. வரிக்கு ஒரு தளம், பயனர் பெயர், பக்கத்தில் பாஸ்வேர்டு, எந்த மறைப்பும் இல்லாமல். பாதிக்கு மேல் ஒரே பாஸ்வேர்டு, கடைசி எண் மட்டும் மாறியிருந்தது. தனியுரிமை பற்றி ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்தவனின் லேப்டாப்பில் இது. அந்த இடைக்காலத்தில் லேப்டாப்பை ஒருமுறை சர்வீஸுக்கும் கொடுத்திருந்தேன்.

சஃபாரியில் கூகுள் தேடலே டீஃபால்ட்டாக இருப்பதற்காக 2022-ல் மட்டும் ஆப்பிளுக்கு கூகுள் கொடுத்த தொகை 2,000 கோடி டாலர் என்பது அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளியே வந்தது. 2024 ஆகஸ்டில், தேடல் சந்தையில் கூகுள் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகம் நடத்துகிறது என்று நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். அந்தத் தொகையைப் படித்தபோது பலருக்குக் கோபம் வந்தது. எனக்குக் கூச்சமாக இருந்தது. செட்டிங்ஸில் நான்கு தட்டு தட்டினால் மாறிவிடும் ஒன்றுக்கு ஏன் இவ்வளவு பணம்? தட்ட மாட்டார்கள் என்று தெரிந்துதான். விவரம் தெரியாதவர்களை நம்பி மட்டும் கொடுத்த பணமில்லை அது. விவரம் எல்லாம் தெரிந்தும் தட்டாத என்னைப் போன்றவர்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருப்பார்கள். ஃபயர்பாக்ஸைத் தயாரிக்கும் மொஸில்லாவின் வருமானத்திலும் பெரும்பகுதி, அதன் தேடல் பெட்டியில் கூகுளை வைத்திருப்பதற்காக கூகுள் தரும் பணம்தான். நான் கைவிட்ட கட்சியும் என் போன்றவர்களின் சோம்பலில்தான் பிழைக்கிறது.

இந்தக் கதையில் யோக்கியர் என் மாமனார் ஒருவர்தான். மாப்பிள்ளை போட்டுக் கொடுத்தது என்பதற்காகவே அவர் ஃபயர்பாக்ஸைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. போன மாதம் திருநெல்வேலியிலிருந்து கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, அட்ரஸ் பக்கத்துல தாள் மாதிரி ஒண்ணு வருமே, அதை அமுக்கினா விளம்பரம் எல்லாம் போயி எழுத்து மட்டும் பெருசா நிக்கும்லா. அது சில பக்கத்துல வர மாட்டேங்குதே, ஏன்?"

ரீடர் வியூவைச் சொல்கிறார். எனக்கு விடை தெரியவில்லை. "ஒரு நிமிஷம் மாமா" என்று சொல்லிவிட்டு குரோமைத் திறந்து கூகுளில் தேடினேன். கட்டுரை மாதிரி இருக்கிற பக்கங்களில்தான் அது வரும் என்று, எப்போதும் தெரிந்த தோரணையில் சொன்னேன். "அதானே பார்த்தேன். நான் எஃப்9 அமுக்கிப் பார்த்தும் வரல" என்றார். எஃப்9 அமுக்கினால் ரீடர் வியூ வரும் என்பதும் எனக்குப் புதுச் செய்தி.

கண் பரிசோதனைக்காக அடுத்த வாரம் சென்னை வருகிறார். எங்கள் வீட்டில்தான் தங்குவார், என் கணினியில்தான் பேப்பர் படிப்பார். நேற்று டாஸ்க்பாரில் குரோம் இருந்த இடத்தில் ஃபயர்பாக்ஸை வைத்தேன். திறந்ததுமே, தன்னை டீஃபால்ட்டாக வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டது. அலுவலக மெயிலில் வரும் லிங்க் எல்லாம் அப்புறம் அதில்தான் திறக்கும், ஒவ்வொன்றிலும் மறுபடி லாகின் செய்துகொண்டிருக்க வேண்டும். இப்போது வேண்டாம் என்று அழுத்திவிட்டேன்.