நிலாச்சோறு

ஒரு வீட்டில் ஐவர் வாழலாம். ஆயினும் அவ்வைவரும் ஒருங்கு அமர்ந்து உண்ணும் வேளை கிழமைக்கு ஒன்றுகூட வாய்க்காமல் போகலாம். சென்னைக்கு மேற்கேயுள்ள அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களில் இந்நிலையைப் பல வீடுகளில் காணலாம்.

அவ்வூர்கள் முன்னாளில் ஏரிகளும் நெல்வயல்களும் தோப்புகளும் சூழ்ந்தவையாய் இருந்தன. கதிரவன் எழுந்ததும் உழவர்க்கு வேலை. அவன் மறைந்ததும் ஓய்வு. 1949ஆம் ஆண்டில் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை ஒன்று தோன்றியது. 1960களில் அங்கே தொழிற்பேட்டையும், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அமைந்தன. தொழில் பெருகியது, ஊர் பெருகியது, பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்வு பெற்றன. அவற்றோடு ‘ஷிப்ட்’ எனப்படும் முறைவேலையும் வந்தது. ஒரு கிழமை காலைமுறை, மறு கிழமை மாலைமுறை, அதற்கடுத்த கிழமை இரவுமுறை என மக்கள் உழைக்கலாயினர். இன்று அத்தொழிற்பேட்டையில் கணினி அலுவலகங்களும் உள்ளன. அவற்றிலும் இரவெல்லாம் விளக்குகள் எரிகின்றன.

அம்பத்தூரில் இத்தகைய குடும்பம் ஒன்று இருப்பதாகக் கொள்க. தந்தை லேத்துப் பட்டறையில் வேலை செய்பவர். தாய் துணிக்கடை ஒன்றில் கணக்கு எழுதுபவர். மகள் ஒன்பதாம் வகுப்பிலும் மகன் நான்காம் வகுப்பிலும் பயில்கின்றனர். தந்தையைப் பெற்ற பாட்டியும் உடன் வாழ்கின்றார். மாலைமுறை வரும் கிழமையில், மகன் பள்ளியிலிருந்து மீள்வதற்கு முன்பே தந்தை வேலைக்குச் சென்றுவிடுவார். அவர் திரும்பும்போது மகன் உறங்கிப் போயிருப்பான். காலையில் மகன் புறப்படும்போது தந்தை அயர்ந்து உறங்கிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் பள்ளியில், ‘என் தந்தை’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதுமாறு ஆசிரியர் பணித்தார். ‘என் தந்தை நன்றாக உறங்குவார்’ என்று சிறுவன் தொடங்கினான். அதற்குமேல் எழுத ஒன்றும் தோன்றாமல் நிறுத்திவிட்டான். வீட்டில் அதைப் படித்த அக்காள் நகைத்தாள். தந்தையும் வாங்கிப் படித்தார். அவர் நகைக்கவில்லை.

அன்றிரவு அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். மகனுடைய வாட்டத்தைக் கண்ட பாட்டி, “நிலா மாதந்தோறும் தவறாமல் வருகிறதே, தம்பி! அன்றைக்கு ஒரு நாளாவது நீயும் வீட்டில் இரேன்” என்றார். அச்சொல் தந்தையின் நெஞ்சில் பதிந்தது. அவர் நாட்காட்டியை எடுத்துப் பௌர்ணமி நாளைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்தார். உடன் உழைப்பவர் ஒருவரிடம் சொல்லி, அந்நாளில் தமக்குரிய முறையை மாற்றிக்கொண்டார். இவ்வாறு அவ்வீட்டில் நிலாச்சோற்று இரவு தொடங்கியது.

நிலாச்சோறு தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழக்கம். முழுநிலா நாளில் வீட்டு முற்றத்திலோ திண்ணையிலோ பிள்ளைகள் வட்டமாக அமர்வர். பெரிய பாத்திரம் ஒன்றில் பாட்டி சோற்றைப் பிசைவார். உருண்டை உருட்டி ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் வைப்பார். பிள்ளைகள் அவ்வுருண்டையின் நடுவே விரலால் குழி செய்வர். அதில் சிறிது குழம்போ துவையலோ இட்டு உண்பர். சோறு ஒரே பாத்திரத்தில் இருப்பதால், தனக்கு மட்டும் விரைந்து உண்டு எழுவதற்கு எவர்க்கும் இடமில்லை. தன் முறை வரும்வரை ஒவ்வொருவரும் காத்திருத்தல் வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் பேச்சு பிறக்கும். பேச்சில் கதை பிறக்கும். புறநகர் வீடுகளில் இன்று முற்றம் இல்லை. ஆனால் மொட்டைமாடி உண்டு.

அம்மாடியைப் பெருக்கிப் பாய் விரிப்பது மகன் பொறுப்பாயிற்று. ஆட்டங்களைத் தேர்வது மகளுக்குரியது. தாய் புளிச்சோறும் தயிர்ச்சோறும் ஆக்கினார்; பாட்டி துவையல் அரைத்தார். தந்தைக்கு என்ன வேலை தருவது என்று பிள்ளைகள் கூடி ஆராய்ந்தனர். அப்பளம் சுடும் வேலையைத் தந்தனர். முதல் நாள் அப்பளங்கள் பல கருகின. அதைப் பற்றி அவ்வீட்டார் பல நாள் பேசி மகிழ்ந்தனர். கைப்பேசிகள் யாவும் கீழேயே, அரிசிப் பானையின் மூடிமேல் வைக்கப்பட்டன. புதிதாய் வாங்கிய பொருள் ஒன்றும் இல்லை. வீட்டில் உள்ளவையே அவ்விருந்துக்குப் போதுமானவையாக இருந்தன.

அவற்றுள் ஒன்று பாட்டியின் பல்லாங்குழி. அது நெடுநாளாகச் சாவிகளும் திருகாணிகளும் இட்டுவைக்கும் பெட்டியாகப் பயன்பட்டு வந்தது. பாட்டி அதைத் துடைத்து நடுவில் வைத்தார். பக்கத்திற்கு ஏழாகப் பதினான்கு குழிகள் அதில் இருந்தன. குழிகளில் புளியங்கொட்டைகளை எண்ணி இட்டார். ஒரு குழியிலுள்ள காய்களை அள்ளி, குழிக்கு ஒன்றாய்ப் போட்டுக்கொண்டே செல்ல வேண்டும். தன் பக்கத்துக் குழி ஒன்றில் நான்கு காய்கள் சேர்ந்தால் அது ‘பசு’. அக்குழிக்கு உரியவர் அதை எடுத்துக்கொள்வார். எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே முடியும் என்பதை முன்கூட்டியே மனத்தில் கணக்கிடுபவர் வெல்வார். பாட்டியிடம் இந்நுட்பத்தைக் கற்றுக்கொண்ட சிறுவன், தந்தையை எதிர்த்து ஆடினான். “பசு!” என்று அவன் கூவிய குரல் அடுத்த மாடிக்கும் கேட்டது. தந்தை தோற்றார். தோல்வியைப் பற்றி வருந்தாமல் அவர் மறுபடியும் காய்களை அடுக்கினார். தோற்றவர் நடந்துகொள்ள வேண்டிய முறையை மகன் அன்று கண்ணால் கண்டு கற்றான்.

மகள் சுண்ணக்கட்டியால் தரையில் ஆடு புலி ஆட்டத்தின் கட்டத்தை வரைந்தாள். அதில் புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும்; ஆட்டுக்கு வெட்டும் ஆற்றல் இல்லை. ஆயினும் ஆடுகள் ஒன்றையொன்று விட்டு நீங்காமல் நெருங்கி நின்றால், புலி அசைய இடமின்றி அடைபடும். வலியற்றவர் ஒன்றுபட்டால் வலியவரையும் கட்டலாம் என்னும் உண்மையை நூல்கள் பல பக்கங்களில் கூறும். இவ்வாட்டம் அதைப் பதினைந்து கூழாங்கற்களால் விளக்கிவிடுகின்றது.

இவை பழமையான மரபின் தொடர்ச்சி. 2019ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை வெளியிட்ட கீழடி அகழாய்வு அறிக்கையில், அங்குக் கிடைத்த பகடைக்காய்களும் சுடுமண் வட்டச்சில்லுகளும் இடம்பெற்றுள்ளன. பல்லாங்குழியின் உறவு ஆட்டங்கள் மலேசியாவில் ‘சொங்காக்’ எனவும், ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் ‘ஓவாரே’ எனவும் வழங்குகின்றன. குடும்பத்திற்கென ஓர் இரவை ஒதுக்கும் வழக்கமும் உலகில் பலவிடத்தும் உண்டு. யூதர்கள் வெள்ளிக்கிழமை மாலையில் விளக்கேற்றி, இரவில் குடும்பத்தோடு உண்பர். அமெரிக்காவில் மார்மன் சமயத்தார் கிழமைக்கு ஓர் மாலையைக் குடும்பத்திற்கென ஒதுக்கும் முறையை 1915ஆம் ஆண்டு முதல் வளர்த்து வந்துள்ளனர்.

ஆண்டு முழுவதும் இத்தகைய இரவுகளுக்குக் குறைவில்லை. நவராத்திரியின் ஒன்பது இரவுகளிலும் கொலுவைச் சுற்றிப் பாட்டும் சுண்டலும் உண்டு. வைகுண்ட ஏகாதசியன்று கண்விழிப்போர் பரமபதம் ஆடுவர். அதில் நற்பண்புகள் ஏணிகளாய் உயர்த்தும். தீக்குணங்கள் பாம்புகளாய் இறக்கும். மழைக்கால இரவில் மின்சாரம் நின்றால், வறுத்த வேர்க்கடலையும் விடுகதையும் போதும். 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பெருமழை சென்னையையும் சுற்றுப்புறங்களையும் இருளில் ஆழ்த்தியது. அவ்விருளில், பாட்டிமார் சொன்ன விடுகதைகள் எத்தனையோ பிள்ளைகளின் அச்சத்தை நீக்கியிருக்கும்.

நாளைக் குறித்துவிட்டால் மட்டும் எல்லாம் எளிதாய் நடந்துவிடாது. மூன்றாம் பௌர்ணமியன்று அக்குடும்பத்திற்கு ஓர் இடையூறு நேர்ந்தது. பட்டறையில் அவசர வேலை. தந்தையால் முறையை மாற்ற இயலவில்லை. “அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்” என்றார் தாய். சிறுவன் உடன்படவில்லை. பாத்திரத்தில் ஓர் உருண்டைக்குரிய சோற்றை மூடிவைத்தான். பல்லாங்குழியில் காய்களை நிரப்பி வைத்தான். பாட்டியின் மடியில் சாய்ந்து விழித்திருந்தான். இரவு பத்தரை மணிக்குத் தந்தை மாடிப்படி ஏறி வந்தார். அவர் கைகளில் எண்ணெய்க் கறை இருந்தது. கண்களில் களைப்பு இருந்தது. அவர் கை கழுவி வந்து அமர்ந்தார். அன்று சோற்றை உருட்டி அவர் கையில் வைத்தவன் மகன். நிலவு உச்சிக்கு ஏறும்வரை இருவரும் ஆடினர்.

சில நாட்களுக்குப் பின் சிறுவன் தன் கட்டுரையை மறுபடியும் எழுதினான். ‘என் தந்தை அப்பளத்தைக் கருக்கிவிடுவார். பல்லாங்குழியில் அடிக்கடி தோற்பார். ஆனால் சினம் கொள்ள மாட்டார். வேலை முடிந்து களைத்து வந்தாலும் என்னோடு ஆடுவார்’ என்று இருபக்கம் நிரப்பினான். ஏட்டில் இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினான்.

பொருள் ஈட்டக் காலத்தை வகுக்கின்ற மனிதர், அன்பு செய்வதற்கும் காலத்தை வகுத்தல் வேண்டும். அதற்கு மாதத்தில் ஓர் இரவும், ஒரு பாத்திரச் சோறும், ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும் போதும்.